மொறிஸ் வானும் வேற்றுக் காரின் சில்லும்: எங்கள் தெரு எழுதி வைக்காத ஒரு பக்கம்

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். சோனகதெருவில் பிறந்தவர்களும், புத்தளத்தில் பிறந்து திரும்பி வந்தவர்களும், எங்களோடு பக்கத்துப் பக்கத்து வீதியில் வாழ்ந்த தமிழ் உறவுகளும் கட்டாயம் வாசிக்கவேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

பாடசாலைக் கண்காட்சிக்கு யாழ்ப்பாணத்துப் பழைய வாகனம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று நாங்கள் சிலர் முடிவெடுத்தோம். மீள்குடியேறி வந்த எங்கள் காக்கா ஒருவர், வடமராட்சிப் பக்கம் வாங்கிய மொறிஸ் மைனர் வான் ஒன்றைக் கொட்டிலுக்குள் நிறுத்தி வைத்திருந்தார். எஞ்சின் இரண்டு நாளில் பேசிவிட்டது. பிரச்சினை சில்லில்தான். நாலு றிம்மும் துருப்பிடித்து, ஓட்டைகளைச் சுற்றி வெடித்துப் போயிருந்தன. 14 அங்குல ஒடுக்கமான ரயர் எந்தக் கடையிலும் இல்லை.

எங்கள் பொடியன்களில் ஒருவர் யப்பான் கார் ஒன்றின் அலோய் சில்லு நாலு கொண்டுவந்தார். வானிலும் நாலு ஸ்ரட், சில்லிலும் நாலு ஓட்டை. கையால் தள்ள உள்ளே போனது. நட் போட்டு இறுக்கினோம். அதுவும் இறுகியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்போதுதான் எழுபது வயது கடந்த அந்த மெக்கானிக் ஐயா வந்தார். எங்கள் தெருவுக்கு வெளியே கராஜ் வைத்திருந்த தமிழர். சில்லைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"தம்பிமார், உதைக் கழட்டுங்கோ."

"ஏன் ஐயா? நாலும் பொருந்தீற்றுதே?"

"பொருந்தேல்லை. பொருந்தின மாதிரி நிக்குது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு சேர்."

அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளப் போனதில்தான் இந்தப் பதிவே பிறந்தது.

*

முதலில் அந்த வானைப் பற்றி. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மிரில், பிறந்தவர். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. மைனர் கார் உற்பத்திக்குப் போகும் நேரத்தில், அகலம் காணாது என்று முன்மாதிரிக் காரை நடுவால் அறுத்து 4 அங்குலம் அகலமாக்கினார் என்பது அந்தக் காரின் வரலாற்றில் பிரபலமான சம்பவம். அந்தக் காலத்துக் கார்களோடு பார்த்தால் 14 அங்குலச் சில்லு சிறியது. அதையும் அவர் திட்டமிட்டே தெரிவு செய்தார்.

1952இல் மொறிஸ் கம்பனியும் ஒஸ்டின் கம்பனியும் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் ஆனது. அதன்பிறகு மொறிஸ் மைனருக்குள்ளே ஒஸ்டின் எஞ்சின் வந்தது. 1953இல் மைனரின் வான் வடிவம் வந்தது. அது 5 அந்தர் பாரம் ஏற்றலாம் என்று விற்கப்பட்டது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 254 கிலோ. இங்கிலாந்தில் தபால் திணைக்களமே அதைப் பெருமளவில் ஓட்டியது. 1960இல் 10 இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுதான்.

இலங்கையில் இவை இவ்வளவு காலம் தப்பியதற்குக் காரணம் வெறும் ஆசை அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும் வரைக்கும், கையில் இருந்த மொறிஸையும் ஒஸ்டினையும் எப்படியாவது ஓட்டுவதுதான் வழி. கார் இறக்குமதி இல்லை என்றால் சில்லும் இல்லை, ரயரும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் 'எது எதுக்குப் பொருந்தும்' என்ற படிப்பு தொடங்கியது அங்கேதான். யுத்தத்துக்கும் பொருளாதாரத் தடைக்கும் முன்பே நாங்கள் அந்தப் படிப்பில் தேறியிருந்தோம்.

கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவானை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெளிநாட்டுச் சாசி, எங்கள் தச்சர்மாரின் மரப்பொடி, பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டி, அந்தத் தட்டியில் பலாப்பழமும் மீன்கூடையும். பெரிய வானில் செய்த அந்தக் கலப்பு வேலையின் சின்ன வடிவம்தான் மொறிஸ் வானுக்கு வேறு காரின் சில்லு போடுவது.

*

சரி, எந்தச் சில்லு பொருந்தும்? ஐயா எங்களுக்கு எடுத்த பாடத்தை அப்படியே தருகிறோம். எங்கள் கணித வகுப்புக்கும் உதவும்.

நாலு ஸ்ரட்டின் நடுப்புள்ளிகளும் ஒரு வட்டத்தில் நிற்கின்றன. அந்த வட்டத்தின் விட்டம்தான் முதல் விஷயம். மைனருக்கு அது 4 அங்குலம். அளப்பதும் சுலபம்: ஒரு ஸ்ரட்டின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஸ்ரட்டின் உள் விளிம்புவரை அளந்தால் விட்டம் வந்துவிடும். ஒஸ்டின் ஏ35க்கும் அதே 4 அங்குலம். எம்.ஜி. மிட்ஜெட்டின் இரும்புச் சில்லுக்கும் அதே 4 அங்குலம். ஒரே கூட்டுக் கம்பனியின் பிள்ளைகள் அல்லவா. அந்தக் கார்களின் 13 அங்குலச் சில்லை மைனருக்கு மாட்டலாம். மாட்டினால் வான் கொஞ்சம் பதியும். அதே அகல ரயர் என்றால் வேகமானி மணிக்கு 40 மைல் காட்டும்போது வான் உண்மையில் 38 அளவில்தான் ஓடும். ஆனால் பாரம் இழுக்க இன்னும் இலகு. 13 அங்குல ரயர் தேடுவதும் சுலபம்.

பழைய யப்பான் கார்கள், அதாவது 1970களின் டட்சன் சனி, ரொயோட்டா கொரோலா போன்றவை, நாலரை அங்குலம். அரை அங்குல வித்தியாசம் என்பதால் சில்லு உள்ளேயே போகாது. ஆகவே யாரும் ஏமாறமாட்டார்கள். மாட்டத்தான் வேண்டுமென்றால் லேத்தில் கொடுத்து இடைத்தட்டுக் கடைந்து எடுக்கவேண்டும்.

ஆபத்து பிறகு வந்த கார்களில்தான். 1980களில் பல யப்பான் சிறு கார்கள் 100 மில்லிமீற்றர் வட்டத்துக்கு மாறின. மைனரின் 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீற்றர். விட்டத்தில் வித்தியாசம் 1.6. ஒவ்வொரு ஸ்ரட்டிலும் 0.8 மில்லிமீற்றர். ஓட்டை ஸ்ரட்டை விடக் கொஞ்சம் பெரிது என்பதால் சில்லு உள்ளே போய்விடும். கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் நட்டின் கூம்பு, ஓட்டையின் கூம்பில் நேராக உட்காராது. ஒருபக்கம் சாய்ந்து, ஸ்ரட்டை வளைத்துக்கொண்டு இறுகும். இறுகியது போலத்தான் இருக்கும். ஓட ஓடத் தளரும். பாரத்தோடு போகும் ஒருநாள் ஸ்ரட் முறியும்.

அடுத்தது புரி. மைனரின் ஸ்ரட் அங்குலப் புரி. எட்டில் மூன்று அங்குலம். யப்பான் நட் 12 மில்லிமீற்றர். அந்தக் காரின் நட்டை இந்தக் காரில் போட முடியாது. சில்லைக் கொண்டுவந்தால் நட்டின் கூம்பு சரியா என்றும் பார்க்கவேண்டும். அதன்பிறகு நடு ஓட்டை ஹப்புக்கு மேல் உட்காருமா, றிம் உட்பக்கம் எவ்வளவு போகிறது, முழுக்கத் திருப்பும்போது ரயர் எங்காவது முட்டுமா, கடைசியாக அந்தச் சில்லு வானின் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். காருக்குச் செய்த சில்லு எல்லாம் வானுக்குத் தாங்காது.

"இவ்வளவையும் எங்க படிச்சனீங்கள் ஐயா?" என்று கேட்டோம்.

"பாதி கராஜில. மீதி உங்கட ஆக்களின்ரை இரும்புக் கடையில," என்றார்.

*

இந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

யாழ்ப்பாண முஸ்லிம்கள் என்றால் தையல், இறைச்சிக்கடை, நகை வியாபாரம் என்று சொல்வார்கள். அதற்குச் சமமாக எங்கள் ஆட்கள் கை வைத்திருந்தது இரும்பிலும் லொறியிலும். இரும்புச் சாமான் கடை, பழைய இரும்பு, கொழும்புக்கு ஓடும் லொறி, இவை மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லொறி தெற்கே போகும்போது வெங்காயமும் புகையிலையும். திரும்பும்போது கடைக்குச் சாமான். உடைக்கப்பட்ட கார்களின் பாகங்களும் அப்படித்தான் வந்தன.

எங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்ல நாங்கள் கேட்டது இது. பழைய இரும்பு எடைக்கு வரும். ஆனால் வந்த எல்லாம் எடைக்குப் போகாது. சில்லு வந்தால் ஓட்டை வட்டத்தை அளந்து, அதனதன் நட்டையும் கம்பியில் கோத்து, அதோடேயே தொங்கவிடுவார்கள். நட் பிரிந்த சில்லுக்குப் பாதி விலைதான். கேட்டு வருகிறவர் 'மைனருக்கு' என்றால், எந்தக் காரில் இருந்து கழட்டியது, எவ்வளவு ஓடியது என்று வாயால் சொல்லிக் கொடுப்பார்கள். எழுதிவைத்த கணக்கு இல்லை. மூளைக்குள்ளே இருந்த கணக்கு.

*

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகமும் வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இது மொறிஸிலும் ஒஸ்டினிலும் நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் அவற்றின் வயதுதான். பழைய எஞ்சின்களில் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7. மண்ணெண்ணெய் அந்த நெருக்கலில் நேரத்துக்கு முன் வெடிக்காது. 9 அளவில் நெருக்கும் புது யப்பான் எஞ்சினில் 'டக் டக்' என்று அடித்து எஞ்சினையே தின்றுவிடும். இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. இங்கிலாந்தில் அதே காலத்து பெர்குசன் உழவு இயந்திரங்களில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் மாதிரியைக் கம்பனியே விற்றது. எங்கள் மெக்கானிக்மாரின் திறமை, அதை வசதி எதுவும் இல்லாமல் வீதியோரத்தில் செய்துகாட்டியது.

ஆகவே மூலையில் கிடந்த பழைய கார்களும் வான்களும் மீண்டும் வீதிக்கு வந்தன. ஓடினால் சில்லு தேயும், ரயர் வெடிக்கும், ஸ்ரட் முறியும். பழைய இரும்புக் கடை முன்னெப்போதையும் விட அதிகம் தேவைப்பட்ட காலம் அதுதான்.

அந்த நேரத்தில்தான் 1990 ஒக்டோபர் 30 வந்தது. ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் கூடும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, ஆளுக்குச் சில நூறு ரூபாயோடு எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். கடைத் திறப்பையும் கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

இதைப் பலமுறை எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். ஆனால் ஐயா அன்று சொன்னதை இதுவரை நாங்கள் யோசித்ததில்லை.

"இரும்பு எல்லாம் இஞ்சதான் கிடந்தது சேர். ஆனா எந்த இரும்பு எதுக்கெண்டு சொல்ல அந்த ஆக்கள் இல்லை. நட்டுகள் எல்லாம் ஒரு குவியலாக் கிடந்தது. ஒரு சில்லுக்குச் சோடி நட்டுத் தேட ஒரு பகல் போகும்."

நாங்கள் இழந்ததை நாங்கள் எண்ணியிருக்கிறோம். எங்களை இழந்ததால் ஊருக்கு என்ன குறைந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவரின் முயற்சியில், தென்னிலங்கையில் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை உருவானது. அங்கிருந்து இங்கிலாந்துக்கு மைனர் பாகம் போனது. அதே தீவின் வடக்கே ஒரு நட்டுக்குப் பகல் முழுக்கத் தேடினார்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் அந்த நட்டை அடையாளம் சொல்லக்கூடியவர் வேலையில்லாமல் இருந்தார்.

*

ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30. 1995. வலிகாமத்து மக்கள் ஓரிரவில் எழும்பினார்கள். நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் - கைதடிப் பாதையாலும் இலட்சக்கணக்கானோர் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சைக்கிள், உழவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார், வான். ஐயாவும் ஒரு மொறிஸ் வானில் அம்மாவையும் மூன்று குடும்பத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனவர். பின்சில்லு இரண்டும் ஒஸ்டினுடையவை.

"5 அந்தர் வான் சேர். அண்டைக்கு எத்தினை அந்தர் ஏத்தினனோ தெரியாது. சில்லு நிண்டுது."

அந்த இரண்டு திகதிகளையும் ஒன்றுபடுத்தி, யார் துன்பம் பெரிது என்று நிறுக்க நாங்கள் வரவில்லை. நிறுக்கவும் கூடாது. ஒன்று ஒரு இனத்தை மட்டும் பிரித்து விரட்டியது. மற்றது யுத்தத்துக்கு முன்னால் ஒரு ஊரையே எழுப்பியது. இரண்டும் வேறு. ஆனால் அந்த மழை இரவில் ஒரு குடும்பத்தைத் தாங்கிய சில்லு எந்தக் கையால் வந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் எங்களில் சிலர் வந்து தெருவைப் பார்த்தார்கள். 2009க்குப் பிறகு இன்னும் பலர் வந்தோம். வந்தவர்களை ஊர் வரவேற்கவில்லை என்று சொல்லமாட்டோம். முழுக்க வரவேற்றது என்றும் சொல்லமாட்டோம். பதிவு, காணி, வீட்டுத்திட்டம் என்று ஒவ்வொன்றிலும் எங்கேயோ 0.8 மில்லிமீற்றர் இடித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இறுகியது போலத்தான் தெரியும். பாரம் ஏற்றினால்தான் தெரியும்.

*

மண்ணெண்ணெய்க் கார் கதை இன்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. சொல்லத்தான் வேண்டும். அந்த மெக்கானிக்மார் பெருமைக்கு உரியவர்கள். ஆனால் அந்தக் கதையில் இரும்புக் கடை நானா இல்லை. அதேபோல் எங்கள் வெளியேற்றக் கதையில், எங்கள் கடையில் நின்று படித்த தமிழ் மெக்கானிக் இல்லை. இரண்டு பக்கமும் மற்றவரை விட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். பிள்ளைகள் இரண்டு வரலாறாகப் படிக்கிறார்கள். நடந்தது ஒரே பட்டணத்தில், ஒரே வானில்.

கண்காட்சிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அலோய் சில்லைக் கழட்டிக் கொடுத்துவிட்டோம். பொடியனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அடுத்த வெள்ளி பின்னேரம் ஐயா தன் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாக்குக்குக் கீழே 13 அங்குல ஒஸ்டின் சில்லு ஐந்து. கம்பியில் கோத்த நட்டுகளும் கூடவே. இரண்டில் துரு அதிகம். மூன்று நல்லது. இரண்டைச் சுரண்டி, ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து நாலாக்கினோம். ரியூப் போட்டுப் புது ரயர் ஏற்றினோம்.

"எங்க வாங்கினது ஐயா?"

"உங்கட ஆக்களிட்டத்தான். எந்தக் கடையெண்டு இப்ப ஞாபகமில்லை. எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ."

வான் மெதுவாகப் பாடசாலை வாசலுக்கு வந்தது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நிறுத்தி, நட்டுகளை இன்னொருமுறை இறுக்கச் சொன்னார் ஐயா. புதுச் சில்லு போட்டால் அப்படித்தான் செய்யவேண்டுமாம்.

எங்கள் கேள்வி இதுதான். 1990க்கு முன் யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை, பழைய சாமான் கடை, லொறி வைத்திருந்த குடும்பங்கள் இன்று புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிறீர்கள். உங்கள் வாப்பாமார், அப்பாமார் உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: கடை எந்த வீதியில், என்ன விற்றீர்கள், எந்தக் கராஜ்காரர்கள் வந்தார்கள்? தமிழ் உறவுகளே, நீங்களும் எழுதுங்கள்: உங்கள் வண்டிக்குச் சில்லு எங்கே வாங்கினீர்கள்? பெயர் போட விருப்பமில்லை என்றால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மாணவர்களைக் கொண்டு தொகுத்து, கையெழுத்துப் பிரதியாகவாவது பாடசாலை நூலகத்தில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஐயாவுக்கு எழுபது கடந்துவிட்டது. எங்கள் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். கேட்பதென்றால் இப்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.